நாலு வரிப் பாட்டு: வெண்பாவா, ஆசிரியப்பாவா, விருத்தமா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

புதுச்சீர்:
வணக்கம். அசை பிரிப்பது ஓரளவு கைவந்துவிட்டது. நேர், நிரை, தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் வரை தடுமாற்றம் இல்லை. ஆனால் ஒரு பாட்டைக் கையில் கொடுத்து "இது என்ன பா?" என்று கேட்டால் திணறிப்போகிறேன். நாலு வரியில் வருவதெல்லாம் எனக்கு ஒன்றுபோலத் தெரிகிறது. புத்தகத்தில் எட்டு வரியாக அச்சிட்டதையும் "நாலடி விருத்தம்" என்கிறார்கள். வரி வேறு, அடி வேறா? எதை முதலில் பார்க்க வேண்டும்?

நேரிசை வெண்பா என்று நினைத்து எழுதிப் பார்த்தது கீழே. எதுகை இருக்கிறது, தனிச்சொல் இருக்கிறது, கடைசி அடியில் மூன்று சீர்தான். சரியா?

காலை மழைபெய்து காய்ந்த ஏரிநிறைய
சோலைக் குயில்கள் சுதியெடுக்க – மாலை
வயலில் நடந்தால் வரப்பெல்லாம் ஈரம்
கயலும் துள்ளும் களிப்பாக

---

அலகிட்டவன்:
முதலில் உங்கள் பாட்டு. வெளித்தோற்றம் நேரிசை வெண்பாவேதான். மூன்று இடத்தில் தட்டுகிறது.

முதலடியில் "காய்ந்த ஏரிநிறைய". காய்ந்/த என்பது தேமா. மாச்சீருக்குப் பின் நிரையசையில் தொடங்கும் சீர்தான் வெண்பாவில் வரலாம். "ஏ" நேர். அங்கே தளை (ஒரு சீரின் முடிவு அடுத்த சீரின் தொடக்கத்தோடு பொருந்தும் முறை) போயிற்று. அதே சீரில் இன்னொன்றும் இருக்கிறது: ஏ/ரிநி/றைய, நேர் நிரை நிரை. அது கூவிளங்கனி. கனிச்சீருக்கு (மூன்று அசையில் கடைசி நிரையாக வரும் சீர்) வெண்பாவில் இடமே இல்லை.

ஈற்றடியில் "கயலும் துள்ளும்". கய/லும் புளிமா, "துள்" நேர். மறுபடியும் மா முன் நேர். கடைசிச் சீர் "களிப்பாக" களிப்/பா/க என்று மூன்று அசையாக நிற்கிறது. வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடிய வேண்டும்.

இரண்டாம் அடியும் மூன்றாம் அடியும் சுத்தம். திருத்தத்தை நீங்களே செய்து போடுங்கள், பார்க்கலாம்.

வெண்டளை, அதாவது வெண்பாவுக்குரிய தளை, மூன்றே வரி: மா முன் நிரை, விளம் முன் நேர், காய் (மூன்று அசையில் கடைசி நேராக வரும் சீர்) முன் நேர். ஓர் அடியின் கடைசிச் சீருக்கும் அடுத்த அடியின் முதல் சீருக்கும் இடையிலும் இது பொருந்த வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் அடிக்குள் சரிபார்த்துவிட்டு, அடி மாறும் இடத்தில்தான் கோட்டை விடுவார்கள்.

---

ஏகாரப்பிரியன்:
எனக்குத் தெரிஞ்ச குறுக்குவழி ரெண்டு. பாட்டு "ஏ"ன்னு முடிஞ்சா ஆசிரியப்பா. நடுவுல வெண்டளை வந்தா வெண்பா. பாதிப் பாட்டு இதுலயே பிடிபட்டுடும்.

---

அலகிட்டவன்:
ரெண்டுமே காலை வாரும் குறுக்குவழிங்க.

வெண்டளையை எடுத்துக்கொள்வோம். குறுந்தொகை 40ஆம் பாட்டு சுத்தமான ஆசிரியப்பா:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே

இரண்டாம் அடியைப் பாருங்கள். எந்/தையும், நுந்/தையும், எம்/முறைக், கே/ளிர். கூவிளம், கூவிளம், கூவிளம், தேமா. விளம் முன் நேர், விளம் முன் நேர், விளம் முன் நேர். அடி முழுக்க வெண்டளை! அதனால் இது வெண்பா ஆகிவிடுமா? ஆகாது. ஆசிரியப்பாவில் பிற தளையும் கலந்து வரலாம். வெண்பாவுக்குள்தான் வேற்றுத்தளை வரக்கூடாது. ஆகவே வெண்டளை இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஓர் இடத்தில் வெண்டளை தவறியிருந்தால் மட்டும் "இது வெண்பா இல்லை" என்று துணிந்து சொல்லலாம். முதலடியில் யாயும் ஞாயும், மா முன் நேர். அங்கேயே வெண்பா விலகிவிட்டது.

இந்தப் பாட்டை ஆசிரியப்பா என்று காட்டிக்கொடுப்பது நான்காம் அடி. செம்புலப், பெயனீர், போல. மூன்றே சீர். கடைசி அடிக்கு முந்தைய அடி மூன்று சீராகக் குறைந்து, மற்றவை நான்கு சீராக நின்றால் நேரிசை ஆசிரியப்பா. எல்லா அடியும் நான்கு சீரென்றால் நிலைமண்டில ஆசிரியப்பா. வெண்பாவில் குறைவது கடைசி அடி, நேரிசை ஆசிரியப்பாவில் குறைவது அதற்கு முந்தியது. கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய வேறுபாடு இது.

இதே அடியில் கவனிக்க வேண்டிய இன்னொன்று. "எந்தையும்" என்பதை எந்/தை/யும் என்று பிரித்தால் தேமாங்காய் ஆகிவிடும். சொல்லின் இடையிலும் கடைசியிலும் வரும் ஐகாரம் குறுகும், அதைக் குறிலாகவே எடுத்து அடுத்த எழுத்தோடு சேர்க்க வேண்டும். தை + யும் = நிரை. புதியவர்கள் அலகிடும்போது செய்யும் பிழையில் பாதி இந்த "ஐ"தான்.

---

மடக்கிவரி:
"ஏ" விஷயத்துக்கு நான் வருகிறேன். கட்டளைக் கலித்துறையும் ஏகாரத்தில்தான் முடியும். அபிராமி அந்தாதியின் நூற்பாடல்கள் அத்தனையும் அந்த யாப்பு. யாப்பருங்கலக்காரிகை என்ற இலக்கண நூலே கட்டளைக் கலித்துறையில் எழுதப்பட்டதுதான். "ஏ"யை நம்பினால் எல்லாவற்றையும் ஆசிரியப்பா என்று எழுதி வைப்பீர்கள்.

அதை அடையாளம் காண எழுத்தை எண்ண வேண்டும். அடிக்கு ஐந்து சீர், நான்கு அடி. புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு எண்ணினால், அடி நேரசையில் தொடங்கினால் 16, நிரையசையில் தொடங்கினால் 17.

உதிக்கின்ற செங்கதிர் உச்சித் திலகம் உணர்வுடையோர்

உதிக்கின்ற 4, செங்கதிர் 3, உச்சி 2, திலகம் 3, உணர்வுடையோர் 5. கூட்டினால் 17. தொடக்கம் "உதிக்", நிரை. கணக்குச் சரி. முதல் நான்கு சீர்களும் வெண்டளையில் ஓடி, ஐந்தாம் சீர் விளங்காயில் முடியும்: உணர்/வுடை/யோர் கருவிளங்காய். எழுத்துக்கணக்கு ஒன்று கூடினாலோ குறைந்தாலோ பெரும்பாலும் எங்கோ தளையும் தப்பியிருக்கும், அல்லது சீரைத் தப்பாகப் பிரித்திருப்பீர்கள்.

இனி புதுச்சீரின் எட்டுவரிக் குழப்பம். வரி அச்சகத்தாருடையது, அடி புலவருடையது. அறுசீர், எழுசீர், எண்சீர் விருத்தங்களில் ஓர் அடி தாளின் அகலத்துக்குள் அடங்காது. அதனால் பாதியில் மடக்கி இரண்டு வரியாகப் போடுவார்கள். உண்மையான அடி எங்கே தொடங்குகிறது என்று எதுகை சொல்லும். மடிப்பு எங்கே விழுகிறது என்று மோனை சொல்லும். திருமாலையிலிருந்து ஒரு பாட்டு, அச்சில் இருப்பதுபோலவே:

பச்சைமா மலைபோல் மேனி
பவளவாய்க் கமலச் செங்கண்
அச்சுதா அமர ரேறே
ஆயர்தம் கொழுந்தே என்னும்
இச்சுவை தவிர யான்போய்
இந்திர லோகம் ஆளும்
அச்சுவை பெறினும் வேண்டேன்
அரங்கமா நகரு ளானே

ஒற்றைப்படை வரிகளின் தொடக்கத்தை மட்டும் வாசியுங்கள்: பச்சை, அச்சு, இச்சு, அச்சு. இரண்டாம் எழுத்து "ச்" எல்லாவற்றிலும் ஒன்றி நிற்கிறது. எதுகை நான்கு, ஆக அடி நான்கு. இரட்டைப்படை வரிகள் எதுகையில் சேரவில்லை. அவை தமக்கு மேலுள்ள வரியோடு முதலெழுத்தால் சேர்கின்றன: ப–ப, அ–ஆ, இ–இ, அ–அ. நான்காம் சீரில் மோனை. ஆக இது அடிக்கு ஆறு சீர் கொண்ட நாலடி, அறுசீர்க் கழிநெடிலடி ஆசிரிய விருத்தம். அசை பிரிக்காமலேயே கண்டுபிடித்தாகிவிட்டது!

விருத்தத்தில் தளை பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். பார்க்க வேண்டியது சீர்களின் வாய்பாட்டு வரிசை. முதலடியில்: பச்/சைமா விளம், மலை/போல் மா, மே/னி தேமா, பவ/ளவாய்க் விளம், கம/லச் மா, செங்/கண் தேமா. "விளம் மா தேமா" இரண்டு முறை. இந்த அச்சு அடிதோறும் திரும்பி வரும். விளம் வரும் இடத்தில் சில வேளை காய் வந்து உட்காரும், மிரள வேண்டாம். ஓசை கெடாது.

எதுகையை எழுத்துக்கு எழுத்து தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சிந்தாமணியில் "காய்மாண்ட" என்று ஓர் அடியும் "பூமாண்ட" என்று அடுத்த அடியும் தொடங்கும். நடுவில் "ய்" வந்து நிற்பதால் எதுகை இல்லை என்று சொல்லிவிடக்கூடாது. ய், ர், ல், ழ் ஒற்றுகள் இடையே புகுந்தாலும் எதுகைதான். ஆசிடை எதுகை என்பார்கள்.

---

புதுச்சீர்:
மிக்க நன்றி, மடிப்பு விஷயம் இப்போதுதான் பிடிபட்டது. ஒரு சந்தேகம். அடிக்கு நான்கு சீர், நான்கு அடி என்று வந்தால்? நிலைமண்டில ஆசிரியப்பாவும் அப்படி வரும், கலிவிருத்தமும் அப்படி வருகிறதே?

---

மடக்கிவரி:
நல்ல இடத்தில் பிடித்தீர்கள். சீர் எண்ணிக்கை அங்கே உதவாது, வாய்பாட்டு வரிசைதான் தீர்ப்பு. கம்பராமாயணத்தின் கடவுள் வாழ்த்து:

உலகம் யாவையும் தாமுள வாக்கலும்
நிலைபெ றுத்தலும் நீக்கலும் நீங்கலா
அலகி லாவிளை யாட்டுடை யாரவர்
தலைவர் அன்னவர்க் கேசரண் நாங்களே

நான்கு அடியும் "புளிமா கூவிளம் கூவிளம் கூவிளம்". ஒரு சீர்கூடப் பிசகவில்லை. ஒற்று நீக்கி எண்ணினால் அடிக்கு 12 எழுத்து. எதுகையும் நான்கடிக்கும் ஒன்று. இது கலிவிருத்தம். நிலைமண்டில ஆசிரியப்பாவில் அடிக்கு அடி சீர் வரிசை மாறிக்கொண்டே இருக்கும், நான்கடியும் ஒரே எதுகையில் நிற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நான்கு அடியோடு நிற்க வேண்டும் என்பதும் இல்லை. மேலே குறுந்தொகைப் பாட்டின் முதல் இரண்டு அடிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அலகிட்டுப் பாருங்கள், வரிசை ஒத்துவராது.

கலிப்பா, வஞ்சிப்பாவை நினைத்து இப்போதைக்குக் கவலை வேண்டாம். தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம் என்று உறுப்பு உறுப்பாக வந்தால் கலி. இரண்டு சீர் அல்லது மூன்று சீர் அடிகளில் கனிச்சீர் மலிந்து, ஆசிரியச் சுரிதகத்தில் முடிந்தால் வஞ்சி. அரிதாகத்தான் எதிர்ப்படும்.

---

பதம்பிரியாள்:
எல்லோரும் சீர் பிரித்த பாட்டையே காட்டுகிறீர்கள். இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் பொருள் விளங்கப் பதம் பிரித்த பாடம். அதை வைத்து அலகிட்டால் எந்தப் பாட்டும் எந்தப் பாவிலும் சேராது. 66ஆம் குறளைப் பதம் பிரித்தால்:

குழல் இனிது யாழ் இனிது என்ப தம் மக்கள்
மழலைச் சொல் கேளாதவர்

இடைவெளியைச் சீர் எல்லையாக எடுத்தால் முதலடியில் ஏழு "சீர்". சீராகச் சேர்த்தால் குழலினிது, யாழினிது, என்பதம், மக்கள். நான்குதான். மென்பொருளில் ஒட்டிச் சோதிப்பவர்களும் முதலில் இடைவெளிகளைச் சீருக்கு ஏற்ப மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

பழைய பாடத்தில் இன்னொரு பொறி. சந்தியோடு எழுதினால் "குழலினி தியாழினி தென்பதம் மக்கள்" என்று வரும். குழ/லினி கருவிளம். அடுத்து "தியா" என்பதைக் குறில் நெடிலாக எடுத்தால் நிரை. விளம் முன் நிரை, திருக்குறளில் தளை தட்டுகிறது! வள்ளுவர் தப்பவில்லை. அந்த "தி" குற்றியலிகரம், யகரத்துக்கு முன் உகரம் திரிந்து குறுகி ஒலிக்கும் இகரம். தளை கெடும் இடத்தில் அதை எழுத்தாக எண்ணாமல் தள்ளிவிட வேண்டும். அப்போது யா/ழினி, நேரில் தொடங்கும் கூவிளம். தென்/பதம், அதுவும் நேர். வெண்டளை நேராகிவிடும்.

ஆகவே செவ்வியல் பாட்டில் தளை தட்டினால் இந்த வரிசையில் சோதியுங்கள்: சீர் எல்லை தப்பா, ஐகாரத்தை நெடிலாக எண்ணினோமா, யகரத்துக்கு முன் குற்றியலிகரம் இருக்கிறதா. மூன்றும் இல்லையென்றால் அச்சுப்பிழையைச் சந்தேகிக்கலாம். புலவரைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்.

---

புதுச்சீர்:
திருத்திவிட்டேன்.

காலை மழைபெய்து காய்ந்த குளம்நிறைய
சோலைக் குயில்கள் சுதியெடுக்க – மாலை
வயலில் நடந்தால் வரப்பெல்லாம் ஈரம்
கயலும் புரளும் களித்து

---

அலகிட்டவன்:
முதலடி: கா/லை தேமா, மழை/பெய்/து புளிமாங்காய், காய்ந்/த தேமா, குளம்/நிறை/ய கருவிளங்காய். காய் முன் நேர், "சோ" என்று இரண்டாம் அடி எடுக்கிறது, சரி. சோ/லைக், குயில்/கள், சுதி/யெடுக்/க, மா/லை. தேமா, புளிமா, கருவிளங்காய், தேமா. "மாலை" மா, அடுத்த அடி "வய" நிரை. வய/லில், நடந்/தால், வரப்/பெல்/லாம், ஈ/ரம். ஈற்றடி கய/லும், புர/ளும், களித்து. கடைசி "களித்து" நிரையோடு குற்றியலுகரம், பிறப்பு வாய்பாடு. தளை எங்கும் தட்டவில்லை. காலை, சோலை, தனிச்சொல் மாலை மூன்றும் ஓரெதுகை. வயல், கயல் இன்னோர் எதுகை. இரண்டு எதுகை வருவதால் இருவிகற்ப நேரிசை வெண்பா.

ஒன்றே ஒன்று. "குளம்நிறைய" என்பதைப் புணர்த்து எழுதினால் "குளநிறைய" ஆகும். குள/நிறை/ய, அப்போதும் கருவிளங்காய்தான், விருப்பம்போல் வைத்துக்கொள்ளுங்கள்.