அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 64: மூத்த குடிமக்கள் சலுகைகளில் எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?

அயனாவரம் வாசி (கேள்வி)

அப்பா தனியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பென்ஷன் கிடையாது. வீட்டுச் செலவு முழுக்க வைப்புத்தொகை வட்டியில்தான் ஓடுகிறது. ஒரு வங்கியில் மட்டும் 2025-26-க்கு 1,30,000 ரூபாய் வட்டி. அதில் 13,000 டிடிஎஸ் (வட்டி தரும்போதே வங்கி பிடிக்கும் வருமான வரி) பிடித்துவிட்டார்கள். எல்லா வட்டியையும் கூட்டினாலும் வருட வருமானம் 3 லட்சத்தைத் தாண்டாது. அம்மாவுக்குத் தனி வருமானம் இல்லை, கொஞ்சம் டெபாசிட் இருக்கிறது.

தெரிய வேண்டியவை: பிடித்த பணம் திரும்ப வருமா? ரயில் கட்டணச் சலுகை மறுபடி வந்துவிட்டதா? சென்னையில் மூத்தோருக்குத் தரும் இலவசப் பேருந்து டோக்கனுக்கு என்ன கொண்டுபோக வேண்டும்? மருத்துவக் காப்பீட்டு அட்டை இருவருக்கும் கிடைக்குமா? "சீனியர் சிட்டிசன் கார்டு எடுத்துத் தருகிறேன், 500 ரூபாய்" என்று ஒருவர் வீடு தேடி வந்தார். அது தேவைதானா?

வட்டிக்கணக்கு

பணம் போகவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் பிடித்ததை வங்கி திருப்பித் தராது. அது அப்பாவின் பான் எண்ணில் வருமான வரித்துறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வரித்துறை தளத்தில் 26ஏஎஸ் படிவத்தில் (அவர் பானில் பிடித்த வரியின் பட்டியல்) அந்த 13,000 ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து ரீஃபண்ட் கேட்கலாம். ரீஃபண்ட் போய்ச் சேரும் வங்கிக் கணக்கை அதே தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்து வையுங்கள். நிறையப் பேருக்கு ரீஃபண்ட் அந்த இடத்தில்தான் நின்றுபோகிறது.

ஏன் பிடித்தார்கள்? 2025 ஏப்ரல் 1 முதல் 60 வயதானவர்களுக்கு ஒரு வங்கியில் வருட வட்டி 1 லட்சம் வரை டிடிஎஸ் கிடையாது (அதற்கு முன் 50,000). 1 லட்சத்தைத் தாண்டிவிட்டால், தாண்டிய 30,000-க்கு மட்டும் இல்லை, மொத்த வட்டிக்கும் 10 சதவீதம் பிடிப்பார்கள். 13,000 வந்த கணக்கு அதுதான். பான் கொடுக்காமல் இருந்தாலோ செயலிழந்திருந்தாலோ 20 சதவீதம் போயிருக்கும்.

இதைத் தடுக்கும் படிவம் 15எச் (2026 ஏப்ரல் முதல் அதன் இடத்தில் படிவம் 121). மொத்த வருமானத்துக்கு வரி பூஜ்யம் என்றால் 60 வயதானவர் தரலாம். 87ஏ பிரிவின் வரித் தள்ளுபடியைக் கழித்த பிறகு பூஜ்யமானாலும் போதும். தவறு நடக்கும் இடங்கள்:

நிதியாண்டு ஒவ்வொன்றுக்கும் புதிதாகத் தர வேண்டும். போன வருடம் தந்தது இந்த வருடம் செல்லாது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே, முதல் வட்டி ஏறுவதற்கு முன் கொடுத்துவிடுங்கள். பணம் மூன்று வங்கிகளில் இருந்தால் மூன்றிலும் தனித்தனியாகத் தர வேண்டும், தபால் நிலையத்தில் இருந்தால் அங்கேயும். வருட நடுவில் புது டெபாசிட் போட்டால், கொடுத்த படிவம் அதற்கும் பொருந்துகிறதா என்று கிளையில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் கவுன்ட்டரை விட்டு நகரவே வேண்டாம்.

15எச் தந்துவிட்டால் வருமான வரிக் கணக்கே தேவையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. புதிய வரி முறையில் மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால், வரி பூஜ்யமானாலும் தாக்கல் செய்யத்தான் வேண்டும்.

80டிடிபி (80TTB) பிரிவு பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். வட்டியில் 50,000 கழிவு, பழைய முறையில் மட்டும். புதிய முறையில் 12 லட்சம் வரையிலான சாதாரண வருமானத்துக்கு வரி வராது. அப்பாவின் நிலையில் அந்தக் கழிவுக்காகப் பழைய முறையைப் பிடித்துக்கொண்டிருக்கக் காரணமே இல்லை.

நான் முதலில் பார்க்கச் சொல்வது தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 2025-26-ல் 8.2 சதவீத வட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையில் வரும். உச்சவரம்பு ஒருவருக்கு 30 லட்சம். முழுதும் போட்டால் காலாண்டுக்கு 61,500. அப்பா, அம்மா இருவரும் தனித்தனியே தொடங்கலாம். சேரும் நாளின் வட்டி விகிதம் 5 வருடத்துக்கும் மாறாது. கூட்டுக் கணக்கு கணவன் மனைவிக்குள் மட்டும்தான். மகன் பெயரைச் சேர்க்க முடியாது.

இடையில் முறித்தால் நஷ்டம். ஒரு வருடத்துக்குள் எடுத்தால் வட்டியே இல்லை, கொடுத்த வட்டியையும் அசலில் கழித்துக்கொள்வார்கள். ஒன்று முதல் இரண்டு வருடத்துக்குள் அசலில் 1.5 சதவீதம், அதற்குப் பிறகு 1 சதவீதம் பிடித்தம். அதனால் ஒரு வருடச் செலவுக்கான பணத்தை வெளியே வைத்துக்கொண்டு மீதியைப் போடுங்கள். 5 வருடம் முடிந்ததும் 3 வருட நீட்டிப்புக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதாமல் விட்டால் சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டிதான் ஓடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். முதிர்வுத் தேதியைக் காலண்டரில் பெரிதாகக் குறித்து வையுங்கள்.

அயனாவரம் வாசி

மிக்க நன்றி சார். அம்மாவின் டெபாசிட்டில் முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது பெயர்தான் அம்மா. அம்மாவின் 15எச் கொடுத்தால் போதுமா?

வட்டிக்கணக்கு

போதாது. கூட்டு டெபாசிட்டில் வங்கி பார்ப்பது முதல் பெயரின் வயதையும் பானையும்தான். இப்போது மூத்தோருக்கான கூடுதல் வட்டியும் (பெரும்பாலான வங்கிகளில் அரை சதவீதம்) வந்திருக்காது, டிடிஎஸ் வந்தால் அதுவும் உங்கள் பானில்தான் ஏறும். முதிர்வு வரும்போது தானாகப் புதுப்பிக்க விடாமல் முடித்து, அம்மாவை முதல் பெயராக வைத்துப் புதிதாகப் போடுங்கள். முதிர்வுக்கு இன்னும் வெகுநாள் இருந்தால், முன்கூட்டி முறிக்கும் அபராதத்தையும் கிடைக்கப்போகும் அரை சதவீதத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒன்று கவனிக்க வேண்டும்: பணம் அம்மாவுடையதாக இருந்தால்தான் இப்படிச் செய்வது சரி. நீங்கள் சம்பாதித்துப் போட்ட பணம் என்றால் பெயரை மட்டும் மாற்றுவதால் வட்டி அம்மாவின் வருமானம் ஆகிவிடாது.

தண்டவாளம்

ரயில் கட்டணச் சலுகை வரவில்லை. ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்தது 2020 மார்ச் 20-ல் நிறுத்தப்பட்டது. திரும்ப வந்துவிட்டதாக வாட்ஸ்ஆப்பில் அடிக்கடி சுற்றுகிறது, நம்பாதீர்கள்.

இன்னும் இருப்பது கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு. 60 வயதான ஆண்கள், 45 வயதான பெண்கள். ஸ்லீப்பர் பெட்டிக்கு ஆறேழு, மூன்றடுக்கு ஏசியில் நான்கைந்து, இரண்டடுக்கு ஏசியில் மூன்று நான்கு படுக்கைகள். ஐஆர்சிடிசி-யில் பொது ஒதுக்கீட்டுக்குப் பதில் 'லோயர் பெர்த் / சீனியர் சிட்டிசன்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் வரைதான். துணைக்குப் போகும் உங்களையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் இந்த ஒதுக்கீடு கிடைக்காது. உங்களுக்குத் தனி டிக்கெட் போடுங்கள். இது தீர்ந்துபோயிருந்தால் பொது ஒதுக்கீட்டில் 'கீழ்ப்படுக்கை கிடைத்தால் மட்டும் பதிவு செய்' என்ற கட்டத்தை டிக் செய்து முயலலாம். எதுவும் கிடைக்காமல் மேல்படுக்கை வந்துவிட்டால், வண்டி கிளம்பிய பிறகு டிக்கெட் பரிசோதகரிடம் (டிடிஇ) சொல்லுங்கள். காலியான கீழ்ப்படுக்கையை மாற்றித் தர அவருக்கு அதிகாரம் உண்டு.

மாநகரப் பேருந்து டோக்கன் அப்பாவுக்கு மட்டும் போதும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் தமிழ்நாட்டில் பெண்கள் எல்லோருக்கும் 2021 மே முதல் இலவசம்தானே. அப்பாவுக்கு மாதம் 10 டோக்கன், ஆறு மாதத்துக்குச் சேர்த்துத் தருவார்கள். சென்னை முகவரியுள்ள ரேஷன் அட்டை, வயதுச் சான்று (ஆதார் போதும்), பாஸ்போர்ட் அளவு வண்ணப் படம் இரண்டு. ஜூன், டிசம்பர் மாதக் கடைசியில் கொடுக்கத் தொடங்குவார்கள். அப்போதே போய்விட்டால் அலைச்சல் மிச்சம். ஏசி பேருந்தில் டோக்கன் செல்லாது.

விமானத்தில் மூத்தோர் சலுகை அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும்தான், வரிகளுக்குக் கிடையாது. சாதாரணத் தள்ளுபடிக் கட்டணம் அதைவிட மலிவாக இருக்கும் நாட்கள் நிறைய. இரண்டையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நோயாளி உதவி மேசை

மருத்துவமனை விஷயத்தில் இருவருக்கும் வழி வேறு. 2024 அக்டோபர் 29-ல் தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 70 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும். வருமான வரம்பு இல்லை, ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலமும் இல்லை. வருடம் 5 லட்சம் வரை. வீட்டில் 70 தாண்டியவர் இருவர் இருந்தால் அந்த 5 லட்சத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அப்பாவின் அட்டையில் அம்மாவைச் சேர்க்க முடியாது. அனுமதியாகிப் பெறும் சிகிச்சைக்குத்தான் பொருந்தும். வெளிநோயாளியாகப் பார்க்கும் டாக்டர் ஃபீஸ், மாதாந்திர மாத்திரைக்குப் பயன்படாது. தனியார் காப்பீடு இருந்தாலும் இதை எடுக்கலாம்.

ஆயுஷ்மான் செயலியில் ஆதார் வழியாகப் பதிவு. ஆதாரில் இணைத்த செல்போன் அப்பாவின் கையிலேயே இருக்கட்டும், ஓடிபி அதற்குத்தான் வரும். அட்டை கையில் இருப்பதாலேயே எல்லா மருத்துவமனையும் ஏற்றுக்கொள்ளாது. உங்கள் பக்கத்து மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, அப்பாவுக்குத் தேவையான சிகிச்சைப் பிரிவு அதில் அடங்குமா என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் இப்போதே கேட்டு வையுங்கள். அவசரத்தில் தூக்கிக்கொண்டு ஓடும்போது கேட்கும் கேள்வி இல்லை அது.

அம்மாவுக்கு: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் என்றால்தான் முதலமைச்சர் காப்பீடு, உங்களுக்குப் பொருந்தாது. தனியார் பாலிசியைப் பாருங்கள். 65 வயதோடு புதுப் பாலிசிக் கதவு மூடும் விதி 2024-ல் நீங்கிவிட்டது. தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. ஒழுங்குமுறை ஆணையத்திடம் கேட்காமல் 60 வயதானவர்களின் பிரீமியத்தை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றவும் முடியாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவாக இருந்தாலும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் க்ளெய்மை நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும்.

தண்டவாளம்

அந்த 500 ரூபாய் அட்டை வேண்டாம். மேலே சொன்ன எதற்கும் அப்படி ஒரு அட்டை கேட்கமாட்டார்கள், வயதைக் காட்ட ஆதார் போதும். வந்தவரிடம் ஆதார் நகலோ ஓடிபியோ கொடுத்திருந்தால் வங்கிக் கணக்கைக் கவனித்துக்கொண்டே இருங்கள். பணம் போனது தெரிந்த நிமிடமே 1930-க்கு அழையுங்கள். மூத்தோருக்கான பொது உதவி எண் 14567, கட்டணம் கிடையாது.

அதைவிட முக்கியம், ஆதார், பான், வங்கி மூன்றிலும் பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒரே ஒரு முறைதான் திருத்த விடுவார்கள். அதனால் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், எஸ்எஸ்எல்சி சான்றிதழ் போன்ற ஆதாரத்தோடு போய் அதை முதலில் சரிசெய்யுங்கள். பானும் வங்கியும் அதற்குப் பிறகு.