தமிழ் இலக்கியம் முடித்தபின் மக்கள் தொடர்பியல் படிக்கலாமா?

பொருநை மாணவி:
அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் இளங்கலைத் தமிழ் இலக்கியம் இறுதியாண்டு படிக்கிறேன். அடுத்து மக்கள் தொடர்பியல் (பிஆர்) படிக்க விரும்புகிறேன். விசாரித்தவரை பெரும்பாலான கல்லூரிகளில் அது தனிப் பட்டமாக இல்லாமல், இதழியல், தொடர்பியல் முதுகலைப் படிப்புகளில் ஓரிரு தாள்களாகவே இருக்கிறது. ஆங்கிலம் வாசித்தால் புரியும். சரளமாகப் பேச வராது. எனக்கு இத்துறையில் இடம் உண்டா? வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள், அவர்களிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

கிண்டிவாசி:
நிச்சயமாக இடம் உண்டு, தங்கை. நான் சென்னையில் ஒரு பிஆர் ஏஜென்சியில் பணிபுரிகிறேன். மும்பையிலும் டெல்லியிலும் தலைமையகம் வைத்திருக்கும் நிறுவனங்களின் செய்திக்குறிப்புகள் எங்களுக்கு ஆங்கிலத்தில்தான் வருகின்றன. அவற்றைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி அனுப்பினால் எந்த நாளிதழும் சீந்தாது. நம் ஊர் வாசகருக்கு அதில் என்ன இருக்கிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே எழுதத் தெரிந்தவர்களைத்தான் நாங்கள் தேடிக்கொண்டே இருக்கிறோம். தொடக்கத்தில் காலை நாளிதழ்களில் வாடிக்கையாளரைப் பற்றி வந்தவற்றைத் தொகுப்பது, செய்தியாளர் சந்திப்புக்கு ஏற்பாடு செய்வது, அழைத்தவர்களுக்கு மீண்டும் மீண்டும் தொலைபேசியில் நினைவூட்டுவது என்றே நாள்கள் போகும். வாடிக்கையாளரிடம் ஆங்கிலத்தில் பேசித்தான் ஆகவேண்டும் என்பதால், முதுகலை முடிவதற்குள் அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மருத்துவமனைகளும் தனியார் கல்லூரிகளும் ‘பிஆர்ஓ’ (மக்கள் தொடர்பு அலுவலர்) தேவை என்று விளம்பரம் செய்யும்போது, பல இடங்களில் அது வரவேற்பு மேசையில் நோயாளிகளுக்கு வழிகாட்டும் வேலையாகவோ, மாணவர் சேர்க்கைக்கு ஆள் சேர்க்கும் வேலையாகவோ இருக்கிறது. செய்திக்குறிப்பை எழுதுவது யார், ஊடகங்களிடம் பேசுவது யார் என்பதை நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற அலுவலர்:
அரசுப் பணியையும் மறந்துவிடாதீர்கள், அம்மா. தமிழக அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறைக்கு மாவட்டந்தோறும் அலுவலகம் உண்டு. ‘தமிழரசு’ இதழும் அத்துறையிலிருந்துதான் வருகிறது. ஆட்சியரின் ஆய்வுகள், குறைதீர்க்கும் நாள் கூட்டம் போன்றவற்றின் செய்தி அன்றன்றே போய்ச்சேர வேண்டும். ஆனால் இந்த வேலையின் அருமை தெரிவது மழைக்காலத்தில்தான். அணையில் நீர் திறக்கப்படும்போது, கரையோரத்தில் குடியிருப்பவர் ஒருமுறை கேட்டதும் எங்கே போகவேண்டும் என்று புரிந்துகொள்ளும் வகையில் எழுதுவதற்கு நல்ல தமிழ் வேண்டும். அதை நீங்கள் ஏற்கெனவே படித்திருக்கிறீர்கள். கல்வித் தகுதியையும் வயது வரம்பையும் மட்டும் அந்தந்த அறிவிக்கையில் கவனமாகப் பாருங்கள். மத்திய அரசிலும் இதுபோன்ற வேலைக்கு இந்தியத் தகவல் பணி உள்ளது.

இதழியல் ஆசிரியர்:
பட்டத்தின் பெயரைக் கண்டு தயங்க வேண்டாம். புது டெல்லியில் 1965ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனத்தில் (ஐஐஎம்சி) விளம்பரமும் மக்கள் தொடர்பும் சேர்ந்த படிப்பு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் மற்றும் தொடர்பியல் துறையையும் பாருங்கள். எங்கு சேர்ந்தாலும், மாணவர்களே எழுதி வெளியிடும் இதழ் இருக்கிறதா, பயிற்சிப் பணிக்கு வெளியே அனுப்புகிறார்களா என்று அங்கு படிப்பவர்களிடமே கேளுங்கள். செய்தியறையில் சில வாரங்கள் இருந்தவருக்கு, செய்தியாளர் எதை எடுப்பார், எதைக் குப்பையில் போடுவார் என்பது பழகிவிடும்.

தமிழ்த் திரையுலகின் முதல் மக்கள் தொடர்பாளரான ஃபிலிம் நியூஸ் ஆனந்தனை என் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வேன். புகைப்படக்காரராக இருந்த அவர், 1958இல் ‘நாடோடி மன்னன்’ படத்திலிருந்து இப்பணிக்கு வந்தார். படங்களைப் பற்றிய தகவல்களை விடாமல் திரட்டி வைத்திருந்ததால், ஐயம் வந்தபோதெல்லாம் பத்திரிகையாளர்கள் அவரைத் தேடிப் போனார்கள். அவர் சேர்த்த ஆவணங்களைப் பிற்காலத்தில் தமிழக அரசே வாங்கிக்கொண்டது. சரியான தகவலை உடனே தருபவர் என்ற பெயர்தான் இத்துறையில் முதலீடு.

வீட்டாரிடம் சொற்களால் வாதாடுவதைவிட, உங்கள் கல்லூரி விழா ஒன்றுக்குச் செய்திக்குறிப்பு எழுதி உள்ளூர் நாளிதழ்களுக்கு அனுப்புங்கள். அது அச்சில் வந்தால் வெட்டி வைத்து அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். முதுகலைச் சேர்க்கை நேர்காணலுக்கும் எடுத்துச்செல்லலாம்.