ஏரி உள்வாயில் சீமைக் கருவேலத்தை முழுவதும் எடுப்பதா, விடுவதா?

கரைக்காவலன்:
காட்பாடி பக்கம் எங்கள் ஊர். தெருக்காரர்கள் இருபது பேர் பத்து ஞாயிற்றுக்கிழமைகளாக ஏரியில் சீமைக் கருவேலத்தைத் தூரோடு எடுத்து வருகிறோம். இந்த வாரம் மிச்சத்தையும் முடித்துவிட எண்ணம். கடப்பாரை உள்ளவர்கள் காலை ஆறு மணிக்கு மதகடிக்கு வாருங்கள். கரையில் ஊன்றப் பனங்கொட்டையும் சேர்த்து வைத்திருக்கிறோம்.

ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை:
அண்ணா, மிச்சம் வைக்காமல் எடுப்பது நியாயமில்லை. எங்களிடம் முப்பது ஆடுகள். சித்திரையில் புல் கருகிய பிறகு அவற்றுக்குக் கிடைப்பது அந்த நெற்று மட்டும்தான். அம்மாவின் அடுப்பு எரிவதும் அந்த விறகில்தான்.

பாலாற்று வாசி:
எனக்கு வேறு கவலை. ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயில் சாக்கடை வந்து விழும்போது முள்ளை வெட்டி என்ன பயன்? வழக்குப் போடுங்கள். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்பதை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அந்தத் தீர்ப்பு ஏற்றது.

கரைக்காவலன்:
அதில் எனக்கும் பெருமைதான் ஐயா. ஆனால் பாலாற்றுத் தோல் கழிவுக்காக அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுபடியும் உத்தரவிட வேண்டி வந்ததே! நடுவில் 28 ஆண்டுகள். மனுவை எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. வறண்டு கிடந்த நாகநதியைப் பாருங்கள். நம் மாவட்டத்திலும் திருவண்ணாமலையிலும் பெண்கள் நூறு நாள் வேலையில் தடுப்பணை கட்டினார்கள், மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் கிணறுகள் அமைத்தார்கள். அவர்கள் யாருடைய தீர்ப்புக்கும் காத்திருக்கவில்லை.

தம்பி, உன் கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் ஆடு தின்ற நெற்றின் கொட்டை புழுக்கையோடு விழுந்து அடுத்த மழைக்கு முளைக்கிறது. மேலே வெட்டினால் அடிக்கட்டை துளிர்க்கிறது. ஒரு தூரைத் தோண்ட இரண்டு பேருக்கு அரை நாள் போகிறது. போன வாரம் ஒருவருக்கு முள் செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஒடிந்துகொண்டது. ஊசியால் கீறி எடுத்துவிட்டு மறுபடியும் குழிக்குள் இறங்கினார். பாதியில் விட்டால் அத்தனை பாடும் வீண்.

ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை:
சரி அண்ணா. எடுத்த இடத்தில் நாட்டுக் கருவேலம் வையுங்கள், அதன் நெற்றையும் ஆடு தின்னும். அது காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை தென்மூலையைத் தொடாதீர்கள். தொட்டால் எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் வர மாட்டோம்.

பாலாற்று வாசி:
இன்று இரவே மனு எழுதுகிறேன். சாக்கடை விழும் இடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். முள் எடுப்பதால் மட்டும் ஏரி பிழைக்காது என்பதில் எனக்கு மாற்றமில்லை.

கரைக்காவலன்:
தென்மூலையில்தான் தம்பி வரத்துக் கால்வாய் வந்து சேர்கிறது. அங்கே முள் அடைத்து நின்றால் ஏரிக்குத் தண்ணீர் ஏது? மேற்குப் பக்கத்து அரை ஏக்கரை விடுகிறோம். நாட்டுக் கருவேலக் கன்றுகளை நீயே நின்று வை. அப்பாவிடம் கேட்டுச் சொல்.