செல்லத்தாயி குடும்பம்

சுந்தர் சித்தப்பா: அண்ணனுக்கு வியாழன் காலைல ஆபரேஷன். ராத்திரி கூட யாரு தங்குறீங்க

மீனா அத்தை: ஆபரேஷனா?? சுளுக்குன்னுல சொன்னீங்க

கார்த்தி: ஸ்கேன் பாத்தாச்சு அத்தை. கைல தசைநாண், அதான் தசையை எலும்போட சேக்குற நார், முழுசா அறுந்துருச்சாம்

பாண்டி மாமா: மச்சானை புத்தூர் கூட்டிட்டு போவோம். ஒரு கட்டு போதும்

ரேவதி: மாமா புத்தூர் கட்டு எலும்பு முறிவுக்கு போடுறது, இங்க எலும்புக்கு ஒண்ணும் ஆகல, பைசெப்ஸ் தசை முழங்கைக்கு கீழ எலும்போட ஒட்டுற எடத்துல பிய்ஞ்சுக்கிச்சு, தானா ஒட்டாது, மேல சுருண்டுக்கிட்டே போகும், அதான் பெரியப்பாவுக்கு மேல்கைல உருண்டையா நிக்குது. ரெண்டு மூணு வாரத்துக்குள்ள செஞ்சாதான் சுலபம். செய்யாம விட்டாலும் கை மடங்கும், ஆனா ஸ்பேனர் திருப்புற பலம் 40 சதவீதம் வரைக்கும் போயிரும், லேத் பட்டறைக்காரருக்கு அது ஆகுமா

பாண்டி மாமா: 👍

மீனா அத்தை: எதைத் தூக்குனாரு

சுந்தர் சித்தப்பா: பீரோ. டப்புன்னு சத்தம் எனக்கே கேட்டுச்சு

மீனா அத்தை: எந்த பீரோ

சுந்தர் சித்தப்பா: அம்மாவோடது

மீனா அத்தை: அது எனக்குன்னு அம்மா வாயால சொன்னது. யாரைக் கேட்டு எடுத்தீங்க

பாண்டி மாமா: ஆரம்பிச்சாச்சு

மீனா அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி: வியாழன் நான் இருக்கேன். வெள்ளி தெரியல, ஷிப்ட் பாத்து சொல்றேன்

லதா பெரியம்மா: பட்டறைக்கு எப்ப போலாம்னு கேக்குறாரு

ரேவதி: பெரியம்மா ஆறு வாரத்துக்கு அந்தக் கையில காபி டம்ளருக்கு மேல எதுவும் தூக்கக்கூடாது, ஆனா அசைக்காமலே வச்சிருந்தா முழங்கை இறுகிரும், அதனால டாக்டர் சொன்ன நாள்லருந்து நான் வந்து மெதுவா மடக்கி நீட்ட வைக்கிறேன். முன்கையில கொஞ்ச நாள் மரத்த மாதிரி இருக்கலாம், பயப்படாதீங்க. மூணு மாசம் கழிச்சுதான் சின்ன வெயிட், பழைய மாதிரி வேலைக்கு நாலு மாசம் ஆறு மாசம் ஆகும். அப்புறம் சிகரெட். நாண் அறுந்து போறதுக்கு அதுவும் ஒரு காரணம்

லதா பெரியம்மா: இதை பெரிய எழுத்துல போடும்மா, காட்டணும்

சுந்தர் சித்தப்பா: ஆறு மாசமா?? தை மாசம் ஆர்டர் இருக்கே

லதா பெரியம்மா: தம்பி நீங்க பாத்துக்க மாட்டீங்களா

சுந்தர் சித்தப்பா: பாக்கலாம் மதினி

மீனா அத்தை: பீரோ இப்ப எங்க

சுந்தர் சித்தப்பா: வாசப்படில. பாதி உள்ள பாதி வெளிய

பாண்டி மாமா: குட்டியானை புடிக்கவா

மீனா அத்தை: நீங்க சும்மா இருங்க