பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடு: ஔகாரத்துக்கு உதவி தேவை

நாகர்கோவில், தக்கலை பக்கம் அரசு அலுவலக மென்பொருள் செய்யும் நண்பர்களே, உதவுங்கள். 2010 அரசாணைப்படி தமிழுக்கு யூனிகோடுதான் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியேற்றம்) தரம். அது எடுபடாத இடத்துக்கு மட்டும் டேஸ்16 (TACE16) என்ற தமிழ்க் குறியேற்றம்.

பழைய கோப்புகளில் கொம்பு (ெ) மெய்க்கு முன்னால் பதிவாகியிருக்கும், யூனிகோடில் பின்னால் வரவேண்டும். இதை மாற்றியாயிற்று. 'கொல்லங்கோடு' திரையில் சரியாகத் தெரிந்தும் தேடினால் அகப்படவில்லை. கொம்பும் காலும் (ா) தனித்தனியாக நின்றதுதான் காரணம், பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) ஒழுங்காக்கம் அதைத் தீர்த்தது.

தீராதது ஔகாரம். பழைய எழுத்துருவில் அந்தக் குறியும் ளகரமும் ஒன்றே என்பதால் 'கௌதமன்' 'கெளதமன்' ஆகிறது. கொம்பை அடுத்த ளகரத்தை ஔகாரக் குறியாக மாற்றவும், அதை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் தொடாமல் விடவும் விதி எழுதினோம். 'தெளிவு' தப்பியது, 'வெளக்கு' மட்டும் 'வௌக்கு' ஆகிவிடுகிறது. பட்டா, வாக்காளர் பட்டியலில் ஒருவர் பெயர் இப்படிச் சிதையவே கூடாது.

எகரத்தை அடுத்து வெறும் ளகரம் வரும் நம் மாவட்ட ஊர்ப் பெயர், வீட்டுப் பெயர் தெரிந்தால் யூனிகோடிலேயே தட்டச்சு செய்து கீழே போடுங்கள். விதிவிலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.