பைத்தான்: மாறிக்கும் மெத்தடுக்கும் ஒரே பெயர் வைத்தால் ஏன் எரர்?

குடியாத்தத்திலிருந்து:
வணக்கம். எங்கள் ஊர் லுங்கிக் கடை ஒன்றுக்குப் பைத்தானில் பில் போடும் நிரல் எழுதுகிறேன். 'பில்' என்று ஒரு கிளாஸ். அதன் இனிட்டில் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் மெத்தட்) செல்ஃப்.மொத்தம் = 0. அதே கிளாஸில் ஜிஎஸ்டி சேர்த்துத் தரும் மொத்தம்() என்ற மெத்தடும் உண்டு. (பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும், அதில் சிக்கல் இல்லை.) ப = பில்() என்று ஆப்ஜெக்ட் உருவாக்கி ப.மொத்தம்() என்று அழைத்தால் 'இன்ட் ஆப்ஜெக்ட் இஸ் நாட் காலபிள்' (முழு எண்ணை அழைக்க முடியாது) என்று டைப்எரர் வருகிறது. ஜாவாவில் இதே மாதிரி எழுதினால் ஓடுகிறதே?

காட்பாடியிலிருந்து பதில்:
தம்பி, ஜாவாவில் ஃபீல்டும் மெத்தடும் தனித்தனி நேம்ஸ்பேஸ் (பெயர்ப் பட்டியல்). பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி இருந்தால் கம்பைலர் மெத்தடுகளில்தான் தேடும். பைத்தான் ப.மொத்தம் எது என்பதை முதலில் தேடி எடுக்கும், அடைப்புக்குறியை அப்புறம்தான் பார்க்கும். ஆப்ஜெக்டின் சொந்த டிக்டில் (அதன் பெயர்களும் மதிப்புகளும் இருக்கும் இடம்) 0 இருப்பதால் அதுவே கைக்கு வருகிறது. எண்ணை எப்படி அழைப்பது? மெத்தட் அழிந்துவிடவில்லை. பில்.மொத்தம்(ப) என்று கிளாஸ் வழியாக அழைத்துப் பாருங்கள், ஓடும்.

குடியாத்தம்:
ஓடுகிறது அண்ணா! பெயரை மாற்றாமல் மெத்தடின் மேல் @ப்ராபர்ட்டி (மெத்தடை அடைப்புக்குறி இல்லாமல் மாறி போலப் படிக்க உதவும் குறி) போடச் சொன்னான் நண்பன். போட்டால் இனிட்டிலேயே அட்ரிபியூட்எரர்.

ராணிப்பேட்டையிலிருந்து பதில்:
ப்ராபர்ட்டி போட்டதும் முன்னுரிமை தலைகீழாகிவிடும். அது டேட்டா டிஸ்கிரிப்டர் (ஒரு பெயரைப் படிப்பதையும் எழுதுவதையும் கிளாஸிலிருந்தே கவனிப்பது), ஆப்ஜெக்டின் டிக்டுக்கு முன்பே அதைத்தான் பைத்தான் பார்க்கும். செல்ஃப்.மொத்தம் = 0 என்பதும் அதனிடமே போகும், செட்டர் (மதிப்பை எழுதும் மெத்தட்) இல்லாததால் எரர். செட்டர் எழுதி அதற்குள்ளும் செல்ஃப்.மொத்தம் என்றே போட்டால் தன்னைத்தானே அழைத்துக்கொண்டே போய் ரிகர்ஷன்எரரில் நிற்கும். எண்ணை _மொத்தம் என்று வைத்தால் தீர்ந்தது.

ஆனால் நான் அதையும் செய்யமாட்டேன். வரிக்கு முந்தைய தொகை வேறு, வரி சேர்ந்த தொகை வேறு. கடைக்காரர் கேட்கும்போது எந்த மொத்தம் என்று குழம்பக் கூடாது. இரண்டுக்கும் தனிப் பெயர் வையுங்கள்.

ஆற்காட்டிலிருந்து:
ரூபி மொழிப் பக்கம் போனால் ஒன்றைக் கவனியுங்கள், அங்கேயும் இதே பெயர்க் குழப்பம் உண்டு. மெத்தடுக்குள் மொத்தம் = மொத்தம் + 5 என்று எழுதினால் வலப்பக்கத்து மொத்தம் மெத்தட் இல்லை, 'நில்' (nil, அதாவது மதிப்பு எதுவும் இல்லை). இடப்பக்கத்து அசைன்மென்ட்டைப் பார்த்ததுமே பார்சர் (நிரலைப் படித்துப் பிரிக்கும் பகுதி) அதை லோக்கல் மாறி (அந்த மெத்தடுக்குள் மட்டும் உள்ளது) என்று முடிவு செய்துவிடும். மெத்தட்தான் வேண்டுமென்றால் மொத்தம்() என்று அடைப்புக்குறி போடுங்கள். அங்கே அது வேலை செய்யும்.

குடியாத்தம்:
தொகை, வரியுடன்_மொத்தம்() என்று பிரித்துவிட்டேன். பில் சரியாக வருகிறது. அனைவருக்கும் நன்றி.