12 நிமிஷத்துக்கு 34 ஸ்லைடு: எதை வெட்டுவது?

ஈரமண்:
வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் வருஷம். முதல் தடவையா ஒரு மாநாட்டில் பேப்பர் வாசிக்கப் போறேன், இன்னும் 9 நாள் இருக்கு. பேச 12 நிமிஷம், கேள்விக்கு 3 நிமிஷம். விலை குறைஞ்ச கெபாசிட்டிவ் சென்சாரை வெச்சு மண் ஈரத்தை அளக்கிறப்போ, சூடு ஏற ஏற அளவு எப்படித் தப்புது, அதை எப்படித் திருத்தலாம் என்பதுதான் விஷயம்.

34 ஸ்லைடு வெச்சிருக்கேன். நேத்து கதவைச் சாத்திக்கிட்டு சொல்லிப் பார்த்தேன், 21 நிமிஷம் ஆச்சு. வேகமாப் பேசினா 17. அதுக்கு மேல மூச்சு வாங்குது. எதை எடுக்கலாம்னு கேட்டாலும் கைடு "அது முக்கியமாச்சே" என்கிறார்.

இன்னொரு சிக்கல். 6 சென்சாரில் ஒண்ணு மட்டும் திருத்தின பிறகும் தனியா விலகி நிக்குது, காரணம் பிடிபடல. அதைக் காட்டணுமா, யாராவது கேட்டா மட்டும் சொல்லலாமா? அப்புறம், ஆங்கிலத்தில் பேசணும். முழுசா எழுதி மனப்பாடம் பண்ணிடலாமா?

மணிக்காரர்:
செஷனுக்குத் தலைமை ஏற்று, முன்வரிசையில் உட்கார்ந்து "2 நிமிடம்" என்ற அட்டையைத் தூக்கிக் காட்டுகிற ஆள் நான். அதைப் பார்த்ததும் முகம் வெளுத்து, எட்டு ஸ்லைடைப் படபடவென்று தள்ளிவிட்டு "இதெல்லாம் பேப்பரில் இருக்கிறது" என்று முடிப்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று. என் முதல் உரையும் அதே கதிதான். முடிவு 22-ஆவது ஸ்லைடில் இருந்தது. அட்டை வந்தபோது நான் 15-இல் நின்று, முன்னால் யார் யார் என்ன செய்தார்கள் என்று அடுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு வருட வேலையை 40 விநாடியில் சொன்னேன். ஒரு கேள்வி கூட வரவில்லை. அன்றைக்கு அது நிம்மதியாக இருந்தது, அறைக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

அதனால் ஸ்லைடைத் திறந்து வைத்துக்கொண்டு வெட்டாதீர்கள். முதலில் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்கிட்டால் இந்தச் சென்சாரின் பிழை இத்தனையிலிருந்து இத்தனைக்கு இறங்குகிறது. உங்கள் எண்களை அதில் போடுங்கள். அந்த வாக்கியத்தை நம்பவைக்க உதவாத ஸ்லைடு எதுவானாலும் போகட்டும். பன்னிரண்டு, பதின்மூன்று மிஞ்சும். வெட்டியதை அழிக்க வேண்டாம், நன்றி ஸ்லைடுக்குப் பின்னால் போட்டு வையுங்கள். கைடு கேட்டால் "பின்னால் இருக்கிறது" என்று சொல்லலாம், அது உண்மையும் கூட.

மண்ணின் மின்பண்பிலிருந்து ஈரத்தைக் கணக்கிடும், 1980-இல் வந்த டாப் சமன்பாடு உங்களிடம் கட்டாயம் ஒரு முழு ஸ்லைடை அடைத்துக்கொண்டிருக்கும், முப்படிக் கோவை, நான்கு கெழுக்கள். எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் வாயால் சொல்லுங்கள்: நீரின் டைஎலக்ட்ரிக் மாறிலி (ஒரு பொருள் மின்னூட்டத்தைத் தேக்க எவ்வளவு உதவும் என்று காட்டும் எண்) ஏறக்குறைய 80, உலர்ந்த மண்ணுக்கு 3 முதல் 5 வரை, ஆகவே கொஞ்சம் ஈரம் சேர்ந்தாலும் சென்சார் கண்டுகொள்கிறது. சூடு ஏறினால் நீரின் எண் இறங்கும், மண்ணீரின் மின்கடத்தல் ஏறும், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சென்சார் குழம்புகிறது. மண்ணைத் தொட்டே பார்க்காத துறைக்காரருக்கும் இது புரியும்.

அடங்காத அந்த ஒரு சென்சாரைக் காட்டுங்கள். மற்ற ஐந்தோடு அதே வரைபடத்தில், வேறு நிறத்தில். "இது ஒன்று விலகுகிறது, காரணம் இன்னும் தெரியவில்லை" என்று பத்து விநாடியில் சொல்லிவிட்டு நகருங்கள். ஒளித்து வைத்தால் மேடையில் நிற்கும் பன்னிரண்டு நிமிடமும் உங்கள் மனசு அங்கேதான் இருக்கும். (நிறம் என்றதும் சிவப்பும் பச்சையும் எடுக்காதீர்கள், அது இரண்டும் ஒன்றாகவே தெரிகிறவர்கள் உண்டு. நீலம், ஆரஞ்சு போதும்.) ஒரு சந்தேகம்: அந்தச் சென்சாரின் சர்க்யூட் பலகையில், வெட்டு விளிம்பு வழியாக ஈரம் உள்ளே இறங்கியிருக்கலாம். மலிவான பலகைகளில் விளிம்புக்குப் பூச்சு இருக்காது.

முழு மனப்பாடம் வேண்டாம். ஒரு சொல் நழுவினால் மொத்தச் சங்கிலியும் அறுந்துபோகும். முதல் நான்கு வாக்கியம், கடைசி இரண்டு, ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடங்கள், இவற்றை மட்டும் நெட்டுருப் போடுங்கள்.

கேபிள்பை:
மேல சொன்னவர் பெரிய விஷயமெல்லாம் சொல்லிட்டார், நான் சில்லறை. பிடிஎஃப் பிரதி ஒண்ணு பென் டிரைவில் இருக்கட்டும். அங்கே இருக்கிற கம்ப்யூட்டரில் உங்க எழுத்துரு இல்லைன்னா கிரேக்க எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வரும், எனக்கு வந்துச்சு. முதல் நாளே அந்த அறைக்குப் போய்ப் பாருங்க. பெரிய எல்இடி திரையா இருந்தா லேசர் புள்ளி கண்ணுக்கே தெரியாது, அதனால காட்ட வேண்டிய இடத்தில் ஸ்லைடிலேயே அம்புக்குறி போட்டுடுங்க. லேப்டாப்பில் நோட்டிஃபிகேஷனை அணைச்சிடுங்க. ஏன்னு கேக்காதீங்க.

தாள்கட்டு:
மனப்பாடம் விஷயத்தில் மணிக்காரரோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஆங்கிலம் சரளமா வர்றவங்களுக்கு அந்த யோசனை சரி. எனக்கு வராது. நான் ஒவ்வொரு சொல்லும் எழுதித்தான் தப்பிச்சேன். நிமிஷத்துக்கு 120 சொல்லுன்னு வெச்சா 11 நிமிஷத்துக்கு 1,300 சொல்லுக்கு மேல தாண்டாது. எழுதி, ஃபோனில் பதிவு பண்ணி, நடக்கும்போது கேட்டுக்கிட்டே இருந்தேன். நாலாம் நாள் தாளைத் தூக்கி வெச்சுட்டுப் பேசினா வார்த்தை மாறுது, விஷயம் மாறல.

கேள்வி புரியலைன்னா தலையாட்டிட்டு எதையாவது சொல்லாதீங்க. "நீங்க கேக்கிறது இதுதானே?" என்று உங்க வார்த்தையில் திருப்பிக் கேளுங்க. யோசிக்க நேரமும் கிடைக்கும், பின்வரிசைக்கும் கேள்வி என்னன்னு தெரியும்.

மணிக்காரர்:
தாள்கட்டு சொல்வது சரி. எழுதுவதற்கும் அதைத் தூக்கி வைப்பதற்கும் நடுவில் அந்த நாலு நாள் இருந்தால் எனக்கு மறுப்பில்லை. முந்தின ராத்திரி எழுதுகிறவர்களை நினைத்துச் சொன்னேன்.

ஈரமண்:
எல்லாருக்கும் நன்றி. இப்போ 13 ஸ்லைடு, 11 நிமிஷம் 50 விநாடி. கைடு முதலில் முறைச்சார். பின்னால் இருக்கிற 21 ஸ்லைடையும் காட்டினதும் சரின்னுட்டார்.

ஆய்வகத்தில் நண்பர்களை உக்காரவெச்சுப் பேசிக் காட்டினேன். முதல் கேள்வியே "மண்ணில் உப்பு இருந்தா உங்க திருத்தம் நிக்குமா?" நான் உப்பு மண்ணில் சோதிக்கவே இல்லை. அப்படியே நின்னுட்டேன்.

மணிக்காரர்:
அந்தக் கேள்வி மாநாட்டிலும் வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த அதிர்வெண்ணில் ஓடும் சென்சாருக்கு உப்பு பெரிய தொந்தரவு என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். "சோதிக்கவில்லை. நான் எடுத்த மண்ணின் மின்கடத்துதிறன் இவ்வளவு, அந்த எல்லைக்குள் மட்டும்தான் என் திருத்தத்துக்கு உத்தரவாதம்." இவ்வளவு சொன்னால் போதும். அந்த எண்ணை அளந்து வைத்திருக்கிறீர்களா?

ஈரமண்:
அளந்திருக்கேன், குறிப்பேட்டில் இருக்கு. ஸ்லைடில் போடத் தோணவே இல்லை.

இன்னொண்ணு, அந்த ஆறாவது சென்சாரைக் கழற்றிப் பார்த்தேன். நீங்க சொன்ன மாதிரியே விளிம்பு ஊறிப்போய் லேசா வீங்கியிருக்கு. மத்த அஞ்சுக்கும் நான் வார்னிஷ் அடிச்சிருந்தேன், இதுக்கு மட்டும் விட்டுப்போச்சு போல. இதுக்குன்னு ஒரு ஸ்லைடு சேர்க்கட்டுமா?

மணிக்காரர்:
வேண்டவே வேண்டாம். அதே பத்து விநாடி, வாக்கியத்தை மட்டும் மாற்றுங்கள்.